மலையகச் சரிவுகளின் உறுதிநிலையைக் கணிக்க எந்த முறை பொருத்தமானது?

வினா: ஊவாச்சாரல்

வணக்கம். நான் சிவில் பொறியியல் இறுதியாண்டு மாணவன். எங்கள் வீடு அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கிறது. லயத்தின் பின்புறம் ஏறத்தாழ 7 மீற்றர் உயரத்துக்கு மண்மேடு வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே தேயிலை மலை 30 பாகைச் சாய்வில் ஏறிச் செல்கிறது. அந்த மேட்டை என் செயற்றிட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, சறுக்கக்கூடிய மண்ணை நிலைக்குத்துத் துண்டங்களாகப் பகுக்கும் முறையில் கணித்துப் பார்த்தேன். நீர்மட்டத்தைப் பாடநூல் உதாரணத்தில் இருந்தபடியே வைத்துக்கொண்டேன். அதே மண்ணுக்கும் அதே வட்ட வடிவச் சறுக்குத்தளத்துக்கும் ஃபெலீனியஸ் முறை பாதுகாப்புக் காரணியை (மண்ணின் தாங்குவலிமையைச் சரிக்கும் விசையால் வகுத்த எண்; 1க்குக் கீழே போனால் சரியும்) 1.14 என்றும், பிஷப் முறை 1.29 என்றும் தருகின்றன. இவற்றில் எதை நம்புவது? லயத்துக்கு வரும் பாதையோரத்தில் ஒரு பாறை வெட்டுமுகமும் உண்டு. அதற்கும் இதே முறையைக் கையாளலாமா?

மறுமொழி: கொத்மலை நீரோடை

தம்பி, இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபெலீனியஸ் முறை ஒவ்வொரு துண்டத்துக்கும் இடையே உள்ள விசைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. துண்டத்தின் நிறையை அடித்தளத்துக்குச் செங்குத்தாகப் பிரித்து, அதிலிருந்து துளைநீர் அழுத்தத்தை, அதாவது மண்துளைகளில் உள்ள நீரின் அழுத்தத்தைக் கழித்துவிடுகிறது. நீரழுத்தம் கூடிய இடங்களில் எஞ்சும் விசை உண்மையில் உள்ளதைவிடக் குறைந்துவிடுவதால் விடையும் தாழ்ந்துவிடுகிறது. பிஷப் 1955இல் வெளியிட்ட எளிமையாக்கிய முறை, ஒவ்வொரு துண்டத்திலும் நிலைக்குத்துச் சமநிலையைப் பேணுகிறது. காரணி சமன்பாட்டின் இருபுறமும் வருவதால் திரும்பத் திரும்பக் கணிக்க வேண்டியிருந்தாலும், வட்ட வடிவச் சறுக்கலுக்கு அதன் விடை கடுமையான முறைகளின் விடையை மிக நெருங்கி நிற்கும். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் பிஷப்பையே எடுங்கள்.

ஆனால் உங்கள் மேடு வட்டமாகத்தான் சறுக்குமா என்பதே இதைவிடப் பெரிய கேள்வி. வட்டம் என்ற கருத்து சுவீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில் 1916இல் நிகழ்ந்த துறைமேடைச் சரிவிலிருந்து வளர்ந்தது. அது ஒரே தன்மையுள்ள மென்களிமண் நிலம். நம் மலைகளிலோ மேலிருந்து உருண்டு வந்து சேர்ந்த மண்ணும் கல்லும் கலந்த படிவு, உக்கிய நைஸ் பாறையின்மேல் படுத்திருக்கிறது. அது பெரும்பாலும் அந்த இரண்டும் சந்திக்கும் தளத்தின் வழியே, நிலத்துக்கு இணையாகவே வழுக்கும். அப்படியான இடத்தில், சரிவு ஒரே சாய்வில் முடிவின்றி நீள்வதாகக் கொள்ளும் முடிவிலாச் சரிவு என்ற எளிய கணக்கே முதலில் உண்மையைக் காட்டும். சறுக்குத்தளம் ஒழுங்கற்று வளைந்திருந்தால், வட்டமல்லாத தளங்களை ஏற்கும் மோர்கன்ஸ்டர்ன்–பிரைஸ் அல்லது ஸ்பென்சர் முறைக்குச் செல்லலாம்.

தேயிலை மலையின் 30 பாகைச் சாய்வுக்கே கணித்துக் காட்டுகிறேன். சறுக்குத்தளம் 3 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது, மண்ணின் நிறை கன மீற்றருக்கு 18 கிலோநியூட்டன், பிணைவு (மண்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும் வலிமை) 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் (வழுக்கலை உராய்வு எதிர்க்கும் அளவைக் காட்டும் கோணம்) 32 பாகை என்று கொள்ளுங்கள். நீரே இல்லாவிட்டால் காரணி ஏறத்தாழ 1.30. நீர்மட்டம் அந்த 3 மீற்றரின் பாதி வரை ஏறி, சரிவுக்கு இணையாக நீர் கசிந்தால், அது 1.00 ஆகிவிடும். நிலமட்டம் வரை ஏறினால் 0.71. மண்ணை மாற்றவில்லை, சாய்வை மாற்றவில்லை, நீரை மட்டுமே மாற்றினேன். உங்கள் இரண்டு முறைகளுக்கும் இடையில் இருந்த வேறுபாடு 0.15, ஒன்றரை மீற்றர் நீர் உண்டாக்கிய வேறுபாடு 0.30. பாடநூல் உதாரணத்தின் நீர்மட்டம் உங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் நீர்மட்டம் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது எங்கே நிற்கிறது என்பதை, துளைக்குழாய் இறக்கி வாரக்கணக்கில் அளந்தே அறிய வேண்டும்.

கோடையில் செங்குத்தாக நிற்கும் மண்மேடு மழையில் விழுவதும் இதனால்தான். ஈரம் குறைந்த மண்ணின் துளைகளில் உள்ள உறிஞ்சலழுத்தம் மண்மணிகளை இழுத்துப் பிடித்து, ஒரு தற்காலிகப் பிணைவைத் தருகிறது. மழை இறங்கியதும் அது இல்லாமற் போகும். மாசி மாதத்தில் எடுத்த மாதிரியைக் காய்ந்த நிலையில் சோதித்து, அந்தப் பிணைவைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

மறுமொழி: பாறைமுகடு

நீர்மட்டம் பற்றி மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். பாறை வெட்டுமுகத்துக்குத் துண்டமுறை பொருந்தாது. அங்கே சறுக்குத்தளத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பாறைக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. திசைகாட்டியும் சாய்வுமானியும் எடுத்துக்கொண்டு, படலத் தளத்தினதும் (பாறையின் வரிகள் ஓடும் தளம்) ஒவ்வொரு மூட்டுத்தொகுதியினதும் (ஒரே திசையில் ஓடும் வெடிப்புகள்) சாய்வையும் திசையையும் அளந்து, தளங்களின் திசைகளை வட்டப் படத்தில் காட்டும் திண்மவெறிய வலையில் குறியுங்கள். ஒரு தளம் பாதையை நோக்கிச் சாய்ந்து, அதன் சாய்வு வெட்டுமுகத்தின் சாய்வைவிடக் குறைவாகவும் உராய்வுக் கோணத்தைவிடக் கூடுதலாகவும் இருந்து, இரண்டின் திசைகளும் ஏறத்தாழ 20 பாகைக்குள் ஒத்துப்போனால் தளச்சறுக்கல் நிகழலாம். இரண்டு தளங்கள் வெட்டிக்கொள்ளும் கோடு அவ்வாறு வெளியே தலைகாட்டினால் ஆப்புச்சறுக்கல். தளங்கள் மலைக்குள் செங்குத்தாகச் சாய்ந்திருந்தால் பாறைப்பலகைகள் முன்புறமாகக் கவிழக்கூடும்.

அளக்கும்போது மூட்டுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பெல்ட்ஸ்பார் உக்கி வெண்களிமண்ணாகிப் படிந்திருந்தால், விரலில் மாவைப் போல வழுவழுவென்று ஒட்டும். அந்த இடத்தில் பாறையின் உராய்வுக் கோணத்தைப் பயன்படுத்தக் கூடாது, களிமண்ணின் கோணத்தையே பயன்படுத்த வேண்டும். மேலே இழுவிசை வெடிப்பு இருந்து அதில் நீர் நிறைந்தால், அந்த நீரின் தள்ளுவிசை ஆழத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

மறுமொழி: தேயிலைக்கொழுந்து

நான் பொறியியலாளன் அல்லன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் லயத்துக்கு மேலே இருந்த கான்களில் (நீர்வடிகால்களில்) மண் மூடிக் கிடந்ததைப் பலமுறை முறையிட்டும் எவரும் வெட்டிவிடவில்லை. ஒரு கார்த்திகையில் பீலித்தண்ணீர் (மலையூற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர்) செம்மண் நிறமாக வந்தது. அதற்கு மறுநாள் இஸ்தோப்புத் (முன்விறாந்தைத்) தரையில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியது. வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்து, இடைவெளியைக் காலையும் மாலையும் அளந்தோம். அது கூடிக்கொண்டே போனதால் இரவோடிரவாக வெளியேறினோம். மூன்றாம் நாள் பின்சுவர் மண்ணுக்குள் போய்விட்டது.

2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்களோடு நம்மவர்கள் புதையுண்டதை மறக்க முடியாதவர்களுக்கு, இந்தக் கணக்குகள் பரீட்சைக்கானவை மட்டுமல்ல. தம்பி தம் கணிப்பில் கான்கள் அடைபட்டிருக்கும் நிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊவாச்சாரல்

மூவருக்கும் நன்றி. நேற்று மேட்டின் அடியைச் சுரண்டிப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சிவந்த மண் முடிந்து, பாறையின் வரிகள் தெரியும் சாம்பல்நிற உக்கல் தொடங்குகிறது; அந்த எல்லையில் மண் ஈரமாக இருந்தது. நீர்மட்டத்தைப் படிப்படியாக உயர்த்தி மீண்டும் கணிக்கிறேன். காரணி போதாவிட்டால் தாங்குசுவர் கட்டுவதா, நீரை வடிப்பதா?

கொத்மலை நீரோடை

முதலில் நீரை வடியுங்கள். நீர் வெளியேற வழியில்லாத சுவருக்குப் பின்னால் நீரழுத்தமும் சேர்ந்துகொள்ளும். வட்டவளையில் ரயில் பாதையைத் தொந்தரவு செய்த சரிவிலும், மலைக்குள் கிடைவடிகுழாய்கள் செலுத்தி நீரை வெளியேற்றியதே முக்கிய பரிகாரமாக இருந்தது. மேலே கான்களைத் துப்புரவாக்குங்கள்; நீங்கள் ஈரம் கண்ட அந்த எல்லையைத் தொடும்படி, வாய்ப்புறம் சற்றுத் தாழ்ந்த குழாய்களை இறக்குங்கள்.

கணிப்பு முடியும் வரை காத்திருக்காமல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு இடத்தைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அவர்களுடைய எச்சரிக்கை மட்டங்கள் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்பன. கடைசி மட்டத்தில் வெளியேற வேண்டும். லயத்தில் ஒரு மழைமானியை வைத்து, அளவைப் படிக்க இருவருக்காவது சொல்லிக்கொடுங்கள்.