பாட்டியின் வெள்ளிக் காப்பு: குடும்பப் புத்தகத்தில் சேர்க்கலாமா?

பேராக் பேத்தி:
பாட்டியின் காலத்துக் கதைகளைத் தொகுத்துக் குடும்பப் புத்தகமாக அச்சிடப் போகிறோம். அதில் ஒரு பக்கத்தால் வீடே இரண்டுபட்டு நிற்கிறது. 1943-இல் மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஜப்பானியர்கள் லாரியோடு வந்தார்கள். சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) ரயில் பாதை போட மூன்று மாத வேலை என்று சொல்லி ஆண்களை ஏற்றினார்கள். தாத்தாவும் அகப்பட்டார். அப்போது இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பால் வெட்டப் போகும் இடத்தில் பார்த்துப் பழகியதோடு சரி. லாரி கிளம்பும்போது பாட்டி தன் வெள்ளிக் காப்பு ஒன்றைக் கழற்றி அவர் கையில் திணித்தாராம். போர் முடிந்ததும் அதே காப்போடு தாத்தா திரும்பி வந்து பாட்டியை மணந்தார். இது கட்டுக்கதை, அச்சில் வரக்கூடாது என்கிறான் என் சித்தப்பா மகன்.

தண்டவாளம்:
அவர் சொல்வதுதான் சரி. 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் நம் தோட்டத்து மக்கள். காலராவிலும் மலேரியாவிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மலேரியாவுக்கான கொய்னா மாத்திரைக்கும் ஒரு பிடி அரிசிக்கும் உடுத்திய துணியையே விற்ற இடத்தில் வெள்ளிக் காப்பு தப்பியிருக்குமா? தாய்லாந்தின் காஞ்சனபுரி போர் மயானத்தில், அதே பாதையில் வேலை செய்து இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது. நம்மவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. அந்தச் சாவின்மேல் காதல் கதையைப் போர்த்தாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

தோட்டத்து மருமகள்:
ஐயா, கொஞ்சம் பொறுங்கள். கன்னிப் பெண்களை ஜப்பான்காரன் கொண்டுபோய்விடுவான் என்ற பயத்தில் என் பாட்டிக்கு ஒரே வாரத்தில் கல்யாணம் முடித்தார்கள். மாப்பிள்ளை யாரென்று தாலி ஏறும்வரை அவருக்குத் தெரியாது. மரவள்ளிக்கிழங்கும் கோணிப்பைத் துணியுமாகத்தான் எங்கள் வீட்டில் அந்தக் காலம் நினைவிருக்கிறது. ஒரு குடும்பத்துக்காவது வேறு ஒரு நினைவு மிஞ்சியிருக்கிறதே, அதையும் சாட்சி கேட்டு விரட்ட வேண்டுமா?

தண்டவாளம்:
விரட்டவில்லை அம்மா. நீங்கள் சொன்ன அதே பயம் அந்தத் தோட்டத்திலும் இருந்திருக்கும் அல்லவா? பிறகு எப்படி அவரை மட்டும் இரண்டு வருடத்துக்கு மேல் கட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தார்கள்?

பேராக் பேத்தி:
அவர்கள் வைத்திருக்கவில்லை, பாட்டிதான் மறுத்தார். வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் வேண்டாம் என்றதற்காக அவருடைய அப்பா விறகுக் கட்டையால் அடித்த தழும்பு நெற்றியில் இருந்தது. சிறுமியாக அதை நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அது கட்டுக்கதை இல்லை. காப்பும் அம்மாவிடம் இருக்கிறது.

தண்டவாளம்:
தழும்பை நம்புகிறேன். அதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார், தாத்தா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார் என்றால் அம்மாவிடம் இரண்டு இருக்க வேண்டுமே?

பேராக் பேத்தி:
நேற்று இரவு இதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. இருப்பது ஒன்றுதான். இத்தனை வருடமாக எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. காலையில் அம்மாவைக் கேட்டேன். காப்பு திரும்பி வந்தது என்று பாட்டி தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லையாம். கல்யாண வீடுகளில் பெரியத்தைதான் அப்படிச் சொல்லுவாராம்.

தோட்டத்து மருமகள்:
தாத்தா அதை விற்றுத்தான் உயிர் பிழைத்தாரோ என்னவோ. விற்றிருந்தால் இன்னும் நல்லது, பாட்டி கொடுத்தது வீணாகவில்லை.

தண்டவாளம்:
அதையும் நாம் முடிவுகட்ட வேண்டாம். பாட்டி சொன்னது இவ்வளவு, அத்தை சொன்னது இவ்வளவு என்று பிரித்து எழுதினால் எனக்கு மறுப்பே இல்லை.

பேராக் பேத்தி:
அப்படியே எழுதுகிறேன். அம்மா இன்னொன்றும் சொன்னார். தாத்தா வசதி வந்தபிறகு ஜோடி சேர்க்கப் புதிதாக ஒரு வெள்ளிக் காப்பு செய்து கொண்டுவந்தாராம். பாட்டி அதை வாங்கிப் பெட்டியில் வைத்தார், பிறகு மகள் பிறந்ததும் அழித்துக் கொலுசு செய்து போட்டுவிட்டார். சாகும்வரை அவர் இடது கையில் கண்ணாடி வளையல்தான்.