வியோலாவை மூன்று தந்தி கோன்ட்ராவாக மாற்றுவது: குதிரை, சுருதி, வில் பிடி பற்றி

கேள்வி: தந்திக்கூட்டம்

ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவின் ஸேக் கிராமத்து ஹங்கேரிய நடன இசையை வயலின், கோன்ட்ரா, பாஸ் என்று மூன்று பேராக வாசிக்கப் பார்க்கிறோம். கார்டு பிடித்துத் தாளம் கொடுக்கும் மூன்று தந்தி வியோலாவான கோன்ட்ரா என் பொறுப்பு. கையில் இருப்பது சாதாரண நான்கு தந்தி வியோலா. மூன்று சந்தேகங்கள்:

சி தந்தியைக் கழற்றிவிட்டு, மேல் ஏ தந்தியை ஒரு ஸ்தாயி இறக்கினால் போதுமா? இறக்கிப் பார்த்தேன், தந்தி தொளதொளவென்று இருக்கிறது, வில் பட்டாலே கரகரக்கிறது.

‘எஸ்டாம்’, ‘தூவோ’ என்ற இரண்டு வில் தாள முறைக்கும் காகிதத்தில் வித்தியாசம் புரிகிறது, வாசித்தால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கிறது. ஏன்?

பாஸ் வாசிப்பவர் வராத நாளில் கார்டோன் (செல்லோ மாதிரி இருக்கும் ஹங்கேரிய வாத்தியம்) வைத்துச் சமாளிக்கலாமா?

பதில் 1: மரவேலை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

சுருதி நீங்கள் சொன்னதுதான்: தடித்த பக்கத்திலிருந்து ஜி, டி, ஏ. இந்த ஏ நடுவில் இருக்கும் டி-யைவிடக் கீழே, ஜி-க்கு ஒரு முழுச் சுரம் மேலே. ஆனால் பழைய ஏ தந்தியையே இறக்கக் கூடாது. நீளமும் தடிமனும் மாறாமல் ஒரு ஸ்தாயி இறக்கினால் தந்தியின் இழுவிசை நாலில் ஒரு பங்காகிவிடும். கரகரப்புக்குக் காரணம் அதுதான். அந்த இடத்தில் இன்னொரு வியோலா ஜி தந்தியைப் போட்டு ஒரு முழுச் சுரம் ஏற்றுங்கள். இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடும் என்பதால் மெல்லிய ரகமாக வாங்குவது நல்லது. கனமான ரகத்தை ஏற்றினால் அறுந்துவிடாது, ஆனால் அந்த ஒரு தந்தி மட்டும் விறைத்துக்கொண்டு மற்ற இரண்டோடு சேராமல் நிற்கும்.

அடுத்தது குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு. மூன்று தந்தியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரே வில் இழுப்பில் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். இருக்கிற குதிரையைச் சீவாதீர்கள், அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். புதிய வெட்டாத குதிரை ஒன்று வாங்கி, கால்களை மேற்பலகையின் வளைவுக்குப் பொருந்தும்படி சீவிவிட்டு, தலையைத் தட்டையாக அரத்தால் ராவுங்கள். உயரத்தை நடுத் தந்தியை வைத்து முடிவு செய்யுங்கள். விரல் பலகை வளைவாக இருக்க, தந்திகள் ஒரே மட்டத்தில் ஓடுவதால், நடுத் தந்திதான் பலகைக்கு மிக அருகில் வரும். ஓரத் தந்திகள் கொஞ்சம் தூக்கலாக நிற்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

குதிரை மாற்றும்போது எல்லாத் தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி சாய்ந்துவிடக்கூடும். ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிருடைப் பக்கத்தில் தந்திகள் ஏறிச் செல்லும் நட்டிலும் மூன்று புதிய பள்ளம் வேண்டும். பழைய நான்கு பள்ளத்தில் மூன்றைப் பயன்படுத்தினால் இடைவெளி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

பதில் 2: ஆறுமுழம்

மரவேலை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஏ தந்தியை ஏன் இறக்குகிறார்கள் என்பது புரிந்தால் விரல் தானாக வரும். ஜி, ஏ, டி மூன்றும் ஒரு ஸ்தாயிக்குள் நெருக்கிப் பிடித்திருப்பதால் எந்த மேஜர் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரம்) இடைவெளியில்லாமல் கெட்டியாக விழுகிறது. மேல் ஏ இருந்தால் அதே கார்டு பரந்து சிதறும்.

விரல் வைக்காத தந்தியிலிருந்து எத்தனை அரைச் சுரம் மேலே என்ற கணக்கில், ஜி–டி–ஏ வரிசையில்:

ஜி மேஜர் 0-0-2
ஏ மேஜர் 2-2-4
சி மேஜர் 0-2-3
டி மேஜர் 2-4-5
ஈ மேஜர் 1-2-2
எஃப் மேஜர் 2-3-3

பார்த்தால் இரண்டிரண்டாக ஒரே கை வடிவம். மொத்தம் மூன்று வடிவம்தான். அவற்றை மேலும் கீழும் நகர்த்தினால் எல்லா மேஜரும் கிடைக்கும்.

மைனர் எங்கே என்று தேடாதீர்கள். ஸேக்கில் மெட்டு மைனராக இருந்தாலும் கோன்ட்ரா மேஜர்தான் பிடிக்கும். நம் காதுக்குப் புரியும்படி சொன்னால்: பழைய பாணி ஹங்கேரிய மெட்டுகளில் பலவும் ஏ, சி, டி, ஈ, ஜி என்ற ஐந்து சுரத்தில் மேலிருந்து கீழே இறங்குபவை. சுரங்களை மட்டும் பார்த்தால் நம் சுத்த தன்யாசி. அது ஏ-யில் வந்து முடியும்போது கோன்ட்ரா ஏ மேஜரை அழுத்தும். அதாவது பிரீமாஷ், முதல் வயலின்காரர், சாதாரண காந்தாரத்தில் இருக்க, கோன்ட்ரா அந்தர காந்தாரத்தில் நிற்கும். இந்த உரசல் பிழை இல்லை. ‘திருத்தி’ மைனர் போட்டால் உணவகத்து இசை மாதிரி வழுவழுப்பாகிவிடும், ஸேக்கின் காரம் போய்விடும்.

பதில் 3: வலக்கை

இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. கார்டு பத்து நாளில் வந்துவிடும், வில் கைக்குத்தான் காலம் பிடிக்கும். கோன்ட்ராவை ‘பின்னணி’ என்று நினைத்து வாசிப்பவர்களுக்கு அது பிடிபடுவதே இல்லை. ஆடுபவரின் காலுக்குத் தரை கொடுப்பது கோன்ட்ராவும் பாஸும்தான்.

முதலில் பிடி. வியோலாவைத் தோளில் படுக்க வைக்காமல், மேற்பலகை வெளிப்பக்கம் பார்க்கும்படி பக்கவாட்டில் திருப்பிப் பிடியுங்கள். அப்போது வில் கிட்டத்தட்ட செங்குத்தாக மேலும் கீழும் போகும். கையின் எடை முழுவதும் இறங்குவது அந்த நிலையில்தான்.

எஸ்டாம்: பாஸ் தட்டில் விழும், கோன்ட்ரா தட்டுக்கு நடுவில் விழும். ‘எஸ்’ பாஸுக்கு, ‘டாம்’ உங்களுக்கு. வில்லின் அடிப்பகுதியில், கைக்கு அருகே, சின்ன இழுப்பு. ஒலித்ததும் வில்லைத் தந்தியிலேயே நிறுத்துங்கள், தூக்காதீர்கள். தூக்கினால் அடுத்தது தாமதமாகும்.

தூவோ: இங்கே பாஸும் கோன்ட்ராவும் ஒன்றாகவே இழுக்கும். ஒரே திசையில் ஒரு இழுப்பு, அதற்குள் இரண்டு துடிப்பு. முதல் துடிப்பு லேசாகத் தொடங்கும். வில் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போதே இரண்டாவது துடிப்பில் ஆள்காட்டி விரலால் அழுத்தம் கூடும். பிறகு எதிர்த்திசையில் அதே மாதிரி. உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கக் காரணம், நடுவில் வில்லை நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். நிறுத்தினால் அது இரண்டு தனி அடி, தூவோ இல்லை. இன்னொரு வழக்கமான பிழை: முதல் துடிப்பிலேயே வில்லின் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுவது. அழுத்த வேண்டிய நேரத்தில் மெல்லிய நுனிதான் மிஞ்சும். முதல் துடிப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவதுக்கு மீதி என்று வைத்துப் பழகுங்கள்.

பயிற்சிக்கு: இடக்கையை விட்டுவிடுங்கள். ஜி மேஜர் மட்டும், ஒரே விரல். 10 நிமிடம் தூவோ, 10 நிமிடம் எஸ்டாம். பிறகு ஜி–சி–டி. ஸேக்கின் மெதுவான ஜோடி ஆட்டமான ‘லொஷ்ஷூ’வுக்கு மெதுவான தூவோ, வேகமான ஜோடி ஆட்டமான சார்தாஷுக்கு எஸ்டாம். லொஷ்ஷூவை மெட்ரோனோமோடு பழக வேண்டாம். அதில் துடிப்புகள் சம நீளமாக இருக்காது, கருவி அதைச் சமமாக நறுக்கிவிடும்.

பதில் 4: தந்திக்கூட்டம்

நடுவில் நிறுத்துவது உண்மைதான். இப்போதே பதிவு செய்து கேட்டேன், தெளிவாகத் தெரிகிறது. ஜி மேஜர் மட்டும் வைத்துத் தொடங்குகிறேன். கார்டோன் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

பதில் 5: கிழக்குக்கணவாய்

கார்டோன் வேண்டாம். பார்க்க முரட்டுச் செல்லோ மாதிரி இருக்கும், ஆனால் அது தாள வாத்தியம். தந்திகள் எல்லாமே டி-யில் சேர்க்கப்பட்டிருக்கும், இடக்கை சுரம் பிடிக்காது. வலக்கைக் குச்சி தந்திகளை அடிக்கும். இடக்கை ஒரு மெல்லிய தந்தியைச் சுண்டி விரல் பலகையில் அறைய வைக்கும். அதன் ஊர் ஜிமெஷ், கீழைக் கார்பாத்தியக் கணவாய்ப் பகுதி. அங்கே குழு என்றாலே வயலின், கார்டோன் இரண்டு மட்டும்தான், பெரும்பாலும் கணவன் வயலின், மனைவி கார்டோன். யானோஷ் ஸெர்குலாவும் அவர் மனைவி ரெகினா ஃபிகோவும் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள், இரண்டு பேர் ஒரு அறையையே ஆட வைப்பது தெரியும்.

ஆனால் கோன்ட்ரா சியிலிருந்து எஃப்-க்கு மாறும்போது கீழே டி இடித்துக்கொண்டே இருந்தால் ஸேக் மெட்டு நிற்காது. பாஸ் வராத நாளில் வயலினும் கோன்ட்ராவும் மட்டும் வாசியுங்கள். யாராவது ஒருவர் தட்டைக் காலால் மிதிக்கட்டும்.

பதில் 6: ஆறுமுழம்

அந்தக் காலால் மிதிக்கும் ஆள் நீங்களாகவே இருப்பது இன்னும் நல்லது. சார்தாஷின் அடிப்படையை நின்ற இடத்திலேயே பழகலாம். வலக்கால் வலப்பக்கம், இடக்கால் சேர்த்து, மறுபடி வலம், சேர்த்து. பிறகு இடப்பக்கம் அதேபோல் இரண்டு. முழங்கால் பூட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் மடங்க வேண்டும். பாஸின் தட்டில் எடை காலில் இறங்கும், கோன்ட்ராவின் ‘டாம்’ அதைத் திரும்ப மேலே தூக்கும். அந்தத் தூக்கலை உடம்பில் உணர்ந்தவர் எஸ்டாமை தாமதமாக வாசிக்க மாட்டார்.

1972 மே 6 அன்று புடாபெஸ்டின் லிஸ்ட் ஃபெரென்ஸ் சதுக்கத்தில் முதல் தான்ட்ஸ்ஹாஸ் நடந்தபோது, அந்தப் பெயரும் முறையும் ஸேக்கிலிருந்தே எடுக்கப்பட்டன. அங்கே இளைஞர்கள் வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வாத்தியக்காரர்களை அமர்த்தி ஆடுவார்கள். ‘தான்ட்ஸ்ஹாஸ்’ என்றால் ஆட்ட வீடு. ஃபெரென்ஸ் ஷெபோ, பேலா ஹொல்மோஷ் போன்ற இசைக்கலைஞர்கள் இசையை நடனத்திலிருந்து பிரிக்காமல் கற்றுக்கொடுத்தார்கள். 2011-ல் யுனெஸ்கோ நல்ல பாதுகாப்பு முறைகளின் பதிவேட்டில் சேர்த்ததும் இந்தக் கற்பிக்கும் முறையைத்தான்.

பதில் 7: தந்திக்கூட்டம்

புதுக் குதிரை வைத்தாயிற்று. மெதுவாக இழுத்தால் மூன்றும் ஒலிக்கின்றன. டி மேஜர் பிடித்தால் மட்டும் நடுத் தந்தி செத்துவிடுகிறது.

பதில் 8: மரவேலை

டி மேஜரில் நடுத் தந்தியை 4-வது அரைச் சுரத்தில் அழுத்துகிறீர்கள், அதனால் அது வில்லடியில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. குதிரையின் நடுப் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பள்ளத்தில் தந்தியின் பாதி தடிமன் மட்டும் புதைந்தால் போதும். பள்ளம் சரியென்றால், குதிரைத் தலையின் இரண்டு ஓரத்தையும் துளியளவு ராவி, நடுவை ஒரு முடியளவு உயர விடுங்கள். ஒவ்வொரு முறை ராவியதும் தந்தி ஏற்றி டி மேஜர் பிடித்துப் பாருங்கள். கூடுதலாக ராவிவிட்டால், லேசாக இழுக்கும்போது ஓரத் தந்தி இரண்டும் விட்டுப்போகும், புதுக் குதிரைதான் வெட்ட வேண்டிவரும்.