முள்ளு வேற, சுனை வேற: எது குத்துனா என்ன பண்றது?

காங்கேயம் பக்கம், கொறங்காட்டுக்காரர்:
கொறங்காட்டு (மேய்ச்சக்காட்டு) வேலியில இருக்கற கிளுவை மரத்துல முள்ளுன்னு தனியா இல்லீங்க, சிம்போட (சின்னக் கெளையோட) நுனியே கூராயிருக்கும். கீறும், ஆனா உள்ள ஒடியறது கம்மி. சீமைக்கருவேலம்தான் மோசம். காஞ்ச முள்ளு ரப்பர் செருப்பைத் துளைச்சு ஏறும், இழுக்கறப்ப நுனி உள்ளயே முறிஞ்சுக்கும். வேலி வெட்டறப்ப கவக்கோல்ல (நுனி கவையா இருக்கற கம்புல) அமுக்கிப் புடிச்சுட்டு அருவாள் போடுங்க, காலுக்கு டயர் செருப்பு.

எடுக்கறதுக்கு முன்னால சோப்புத் தண்ணியில கழுவுங்க. ஊசியைக் கொதிக்கற தண்ணியில போட்டெடுத்து, முள்ளு கிடக்கற வாக்குலயே மேல்தோலை லேசாக் கீறி, தலை தெரிஞ்சதும் முள்வாங்கியில புடிச்சு ஏறுன வழியிலயே பின்னால இழுங்க. பிதுக்குனா நொறுங்கும். தண்ணியில ஊற வெச்சாலும் உப்பி, துண்டு துண்டா வரும். எருக்கம்பால் வெக்கற பழக்கம் இன்னும் இருக்குது. அந்தக் கையோட கண்ணைத் தொட்டா கருவிழி புண்ணாயிரும், வேண்டாம்.

கோபி, கரும்பு வெள்ளாமை:
அண்ணன் சொன்னது முள்ளுக்குச் சரிங்க. கரும்புச் சுனைக்கு ஊசி எடுத்தா ஆகாது. அஞ்சாம் மாசம், ஏழாம் மாசம் சோகை (காஞ்ச தோகை) உரிக்கறப்ப ரெண்டு விதமாப் படும்: இலை ஓரம் ரம்பமாட்ட அறுக்கும், சோகையோட அடிமட்டை மேல இருக்கற மயிர் மாதிரி சுனை குத்தும். வேர்வையில ஒட்டுனதைத் துண்டால தொடைச்சா இன்னும் உள்ள எறங்கும். மொதல்ல தண்ணியை மொண்டு மொண்டு ஊத்துங்க, தேய்க்க வேண்டாம். சுனை போன பின்னாடிதான் தேங்காயெண்ணெய். முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுத்தித் துண்டு. அந்தத் துணிமணியைத் தனியா அலசுங்க.

தாராபுரம்:
சப்பாத்திக்கள்ளியில நீள முள்ளு பயமில்லை. அதோட அடியில கொத்தா இருக்கற பொடி முள்ளுதான் தொந்தரவு, நுனியில கொக்கி மாதிரி பின்னோக்கி இருக்கும். கைக்கு வந்ததை முள்வாங்கியில எடுத்துட்டு, மிச்சத்து மேல ஃபெவிகால் தடவி, மெல்லிசுத் துணியை ஒட்டி, நல்லாக் காஞ்சதும் உரிங்க. செலோடேப் அவ்வளவா இழுக்காது. பழம் தின்னறவங்க வாயில போடறதுக்கு முன்னால தீயில வாட்டிருங்க.

ஆனைமலை அடிவாரம்:
பூனைக்காலிக் கொடியை விட்டுட்டீங்களே! அந்தக் காய் மேல இருக்கற பொன்னிற மயிர்ல புரதத்தை அரிக்கற நொதி இருக்குது. வழக்கமான அரிப்பு மாதிரி இல்லாததால, அலர்ஜி மாத்திரை போட்டாலும் பெருசாக் கேக்காது. காத்துக்கு எதுக்க நின்னு பறிக்கவே கூடாது. சாணி பூசி உரிக்கறதும் உண்டு, ஆனா சொறிஞ்சு ரத்தம் கசியற எடத்துல சாணி பட்டா டெட்டனசுக்கு வழி. செந்தட்டிச் செடி வேற மாதிரி. அதோட மயிர்ல ஊசியாட்ட ஒரு கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கும், தோலைத் துளைச்சு எரிச்சல் தர்ற சாறு உள்ள போகும். தேய்க்காம கழுவிட்டு ஈரத்துணி போடுங்க.

காங்கேயம் பக்கம், கொறங்காட்டுக்காரர்:
டெட்டனஸ் தடுப்பூசியைப் பத்திச் சொல்ல விட்டுப்போச்சுங்க. மண்ணு, சாணி பட்ட முள்ளு ஆழமா ஏறி, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருசம் தாண்டியிருந்தா மறுபடி போட்டுருங்க. வெரல் கணு, முட்டிக்கிட்ட குத்துனதும் தனிக்கதை. மேல ஆறுன பின்னாடி வாரக்கணக்குல கழிச்சும் மூட்டு வீங்கி மடக்க முடியாமப் போகும், உள்ள துண்டு கிடக்குதுன்னு அர்த்தம். எக்ஸ்ரேயில முள்ளு தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, முள்ளு குத்துனதை டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க.