பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு மழலையர் பள்ளி: சரிப்படுமா?

சரவணம்பட்டி அப்பா:
கோவையில் எங்கள் குடியிருப்பில் மூன்று வயதை ஒட்டிய பிள்ளைகள் இருக்கும் வீடுகள் பத்து தேறும். சுற்றுவட்டாரத்து ப்ளே ஸ்கூல்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஓர் இடத்தில் பேனாவே பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு நாலுகோடு நோட்டு. இன்னோர் இடத்தில் ஏசி, பெரிய டிவி, நாள் முழுக்க ரைம்ஸ். கைப்பிடி மண் கிடையாது. அதனால் நாங்களே ஒன்று தொடங்கலாம் என்றிருக்கிறோம். பழைய தரைத்தள வீடு ஒன்று வாடகைக்குக் கிடைக்கும் போலிருக்கிறது, பின்னால் வேப்பமரம், துவைக்கிற கல், நல்ல மண். பயிற்சி பெற்ற ஒரு டீச்சர், ஓர் ஆயா, முறைவைத்து தினமும் ஒரு பெற்றோர் கூட இருப்பார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வேப்பமரம் இருக்கட்டும் சார், அனுமதி வாங்கியாச்சா? மழலையர் பள்ளிகளுக்கென்றே தமிழ்நாட்டில் 2015ல் தனி விதிகள் வந்துவிட்டன. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். "நம்ம பிள்ளைங்கதானே" என்று சும்மா ஆரம்பித்துவிட முடியாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் சமையலறைக் கூரையில் பிடித்த தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். இந்தச் சான்றிதழ்களைத் தொல்லை என்று நினைக்கிறவர்கள் அதை ஒருதடவை நினைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், இதை யார் பெயரில் நடத்துவீர்கள்? சங்கமாகப் பதிவதென்றால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. டிரஸ்ட் என்றால் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மேல்தான் பிற்பாடு எல்லாம் விழும். இந்த மாதிரிக் கூட்டு முயற்சிகளுக்கு நான் கணக்கு எழுதியிருக்கிறேன். பாடத்திட்டத்தில் யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு குடும்பம் வீடு மாறிப் போகும்போது "நான் போட்ட அட்வான்ஸில் என் பங்கைக் கொடு" என்று நிற்பார்கள் பாருங்கள், அங்கேதான் பாதி முயற்சிகள் உடைகின்றன.

பெர்லின் மதுரைக்காரி:
சங்கம் என்றதும் சிரித்துவிட்டேன், இங்கேயும் பதிவுக்கு அதே ஏழு பேர்தான். என் மகன் போவது பெற்றோர் நடத்தும் மழலையர் பள்ளி. 1960களின் கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் மேற்கு பெர்லினிலும் மாணவர் இயக்கத்து இளம் பெற்றோர்கள் காலியாகக் கிடந்த கடைகளை வாடகைக்கு எடுத்து இப்படி ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை அதட்டி அடக்கி வளர்க்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அன்றைக்கு ஊரே திட்டியது. இப்போது தெருவுக்குத் தெரு சாதாரணமாக நடக்கிறது.

வேலை என்னவென்று கேட்டால், எல்லாமே. ஒருவர் கணக்கு பார்ப்பார், ஒருவர் குழாய் ரிப்பேர், ஒருவர் ஆள் தேடுவார். டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று காலை ஏழு மணிக்குச் செய்தி வரும், முறைக்காரர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஓட வேண்டும். ஒருமுறை என் முறையின்போது ஒரு பையன் பக்கத்துப் பாப்பாவின் முன்கையில் கடித்துவிட்டான். பல் பதிந்த இடம் வட்டமாகச் சிவந்துவிட்டது. கடித்தவன் என் மகன்! டீச்சர் என்னைப் பார்த்து, நீங்கள் சமையலறைக்குப் போங்கள் என்றார். போய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டே இவனிடம் பேசி முடித்தார். அந்த நேரத்தில் அம்மா குறுக்கே போகக் கூடாது என்பது எங்கள் விதிகளில் எழுதியே இருக்கிறது. நீங்களும் எழுதிவையுங்கள்.

ஷிஃப்ட் அம்மா:
"முறைவைத்து ஒரு பெற்றோர்" என்று எழுதுவது எளிது. அந்தப் பெற்றோர் யார்? எனக்கு இரவு ஷிஃப்ட், கணவருக்குப் பகல் ஷிஃப்ட். என் முறை வந்தால் நான் தூங்காமல் வர வேண்டும், அவர் முறை வந்தாலும் நான்தான் வர வேண்டும். நியூசிலாந்தில் 1941ல், ஆண்கள் போருக்குப் போயிருந்தபோது வெலிங்டனில் தாய்மார்கள் சேர்ந்து ப்ளேசென்டர் என்று தொடங்கினார்கள். அருமையான ஏற்பாடு, பெற்றோரே பயிற்சி எடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். பெண்கள் வேலைக்குப் போகப் போக அங்கே பிள்ளைகள் குறைந்தார்கள். வேலைக்குப் போகாத ஓர் அம்மாவை நம்பித்தான் இந்தத் திட்டமெல்லாம் நிற்கிறது. வேலைக்குப் போகிறவளுக்கு அந்த நாலுகோடு நோட்டு ஸ்கூல்தான் மாலை ஆறு வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது.

சரவணம்பட்டி அப்பா:
நியாயமான கேள்விதாங்க. பட்டியலில் பாதி முறை அப்பாக்கள் பெயரில் இருக்கும், மனைவியை அனுப்பினால் கணக்கில் வராது என்று பேசியிருக்கிறோம். இரண்டு அப்பாக்கள் அன்றைக்கே குழுவில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்:
தம்பி, தப்பா நினைக்காதீங்க. நோட்டு வேண்டாம், விளையாட்டு வேண்டும், மண் வேண்டும் என்கிறீர்கள். அது உங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கமே, அங்கன்வாடியில் இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டம், தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேல் மையங்கள். எங்கள் பாடத்திட்டத்தின் பெயரே "ஆடிப் பாடி விளையாடு பாப்பா". கதை, பாட்டு, விதை அடுக்குவது, பொம்மலாட்டம் எல்லாம் அதில் உண்டு. மதியச் சோறு, வாரத்துக்கு மூன்று முட்டை. உங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் பிள்ளை அங்கேதான் இருக்கும். பத்து வீடும் ஒரே மாதிரிச் சம்பளக்காரர்கள், ஒரே மாதிரிப் பிள்ளைகள். அதைப் புதுமை என்று எப்படிச் சொல்வது?

சரவணம்பட்டி அப்பா:
டீச்சரம்மா, போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் பகுதி மையத்தில் ஒரே அறை. டீச்சர் பாவம், போனில் போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப்பில் பிள்ளைகளின் எடை, உயரம் ஏற்றிக்கொண்டிருந்தார். வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில். பிள்ளைகள் பாய் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குறை சொல்லவில்லை, ஆனால் என் மகளுக்கு மூன்று வயது இந்த ஒரு வருடம்தானே? அரசாங்கம் சரியாகும்வரை அவளை மூன்றிலேயே நிறுத்திவைக்க முடியாது.

ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்:
அந்தப் பாய்க் கதை எனக்குத் தெரியாததா? கர்ப்பிணிகள் கணக்கு, சொட்டு மருந்து, சத்துமாவு விநியோகம், கூட்டம் எல்லாம் போக மிச்ச நேரம்தான் பிள்ளைகளுக்கு. இன்னொரு டீச்சர் வேண்டும் என்று நாங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தோம். மனு எழுதத் தெரிந்தவர்கள், கவுன்சிலரிடம் நேரே போய் நிற்கக் கூடியவர்கள் எல்லாம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அப்புறம் அங்கே யார் கேட்பது?

மண்குதிரை:
டீச்சர் சொல்வது சரி என்றாலும், பெற்றோர் கையிலெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரெஜியோ எமிலியா சாட்சி. வட இத்தாலி. 1945 ஏப்ரலில் விடுதலை வந்த கையோடு, பக்கத்து வில்லா செல்லா கிராமத்து மக்கள் ஜெர்மானியர்கள் விட்டுப்போன ஒரு டாங்கி, சில லாரிகள், குதிரைகள் இவற்றை விற்ற காசில் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். இடிந்த வீடுகளின் செங்கல்லை எடுத்துச் சுத்தம் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்கினார்கள். செய்தி கேட்டு லோரிஸ் மலகுட்ஸி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளில் பார்க்க வந்தார், வாழ்நாள் முழுக்க அந்த வேலையிலேயே இருந்துவிட்டார். இன்றைக்கு உலகம் முழுவதும் போய்ப் பார்க்கிற பள்ளிகள் அப்படி முளைத்தவை. நம் ஊரில் அவர் பெயரை நோட்டீஸில் போட்டு மரப்பொம்மைக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள், அது வேறு விஷயம்.

கணக்குப்பிள்ளை:
மீதிக் கதையையும் சொல்லுங்கள். அந்தக் கிராமத்தார் ஏழை விவசாயிகள், கூலிகள். கட்டியது ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும். பணம் பற்றாமல் திண்டாடி, நகராட்சியை விடாமல் நெருக்கினார்கள். 1963ல் நகராட்சியே முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது, பெற்றோர் நடத்தியவையும் பிறகு அதன் கைக்குப் போயின. ரெஜியோ நிலைத்ததற்கு அதுதான் காரணம். உங்கள் பத்துக் குடும்பப் பிள்ளைகளும் இரண்டே வருடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வாடகை யார் கொடுப்பது?

பெர்லின் மதுரைக்காரி:
இந்தக் கேள்விக்குப் பணிகிறேன். எங்கள் பள்ளி ஓடுவது பெற்றோர் உழைப்பால் மட்டும் இல்லை. வாடகை, சம்பளத்தில் பெரும்பகுதி அரசுப் பணம். பெர்லினில் 2018 ஆகஸ்டிலிருந்து கட்டணமே கிடையாது, சாப்பாட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகையும் சங்கச் சந்தாவும்தான். அந்தப் பணம் வராவிட்டால் நாங்களும் இரண்டு வருடத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்போம். ஆனாலும் அண்ணா, இரண்டு வருடம் நடந்தால் அந்த இரண்டு வருடம் வீணா என்ன?

எல்கேஜி மிஸ்:
எல்லாரும் பேசிவிட்டீர்கள், அந்த "பயிற்சி பெற்ற ஒரு டீச்சர்" நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய இடத்தில் எனக்கு ஒரு முதலாளி. உங்களிடம் வந்தால் இருபது பேர். ஒருவர் யூடியூபில் மாண்டிசோரி பார்த்துவிட்டு வருவார், ஒருவர் ஏன் இன்னும் ஏபிசிடி சொல்லவில்லை என்பார். மணலில் விளையாடி வந்தால் சட்டை அழுக்கு என்று ராத்திரி பத்து மணிக்குக் குழுவில் படம் வரும். மாண்டிசோரி அம்மையாரே 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தார். எங்கள் வேலைக்கும் படிப்பு உண்டு என்று சொல்ல வருகிறேன், வேறொன்றும் இல்லை.

சம்பளம் எவ்வளவு என்று திட்டத்தில் ஒரு வரிகூடக் காணோம். பெரும்பாலான இடங்களில் எங்களுக்குப் பத்து மாதச் சம்பளம்தான், ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை வீட்டில் இரு என்பார்கள்.

சரவணம்பட்டி அப்பா:
பன்னிரண்டு மாதமும் கொடுப்பதாகத்தான் இருக்கிறோம் மிஸ். வகுப்பில் என்ன நடக்க வேண்டும் என்பது டீச்சர் முடிவு, பெற்றோர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். டீச்சரம்மா, இரண்டு இடங்களை அங்கன்வாடிப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் வைக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்:
இரண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் எங்கள் பதிவேட்டில் இரண்டு குறையும், மையத்தைப் பக்கத்து மையத்தோடு சேர் என்பார்கள். அதற்குப் பதிலாக உங்கள் மண்ணையும் மரத்தையும் வாரம் ஒரு காலை எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். ஆயா கூட்டிக்கொண்டு வருவார்.

கணக்குப்பிள்ளை:
அதையும் குத்தகைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்கிறாரா பார்ப்போம்.

எல்கேஜி மிஸ்:
பன்னிரண்டு மாதம் சரி. பி.எஃப். உண்டா?