முதல் லித்தியம் பேட்டரித் தொகுப்பு: செல்களை வாங்கும் முன் தீர்மானிக்க வேண்டியவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2 கிலோவாட் சூரியத் தகடுகளும் 48 வோல்ட்டில் இயங்கும் 3 கிலோவாட் இன்வெர்ட்டரும் உள்ளன. இதுவரை பயன்படுத்திய நான்கு ஈய-அமில பேட்டரிகளின் திறன் குறைந்துவிட்டதால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களை வாங்கி நானே ஒரு தொகுப்பை அமைக்க எண்ணுகிறேன். மாலை முதல் காலை வரை ஏறத்தாழ 4 யூனிட் செலவாகிறது. வெயில் இல்லாத ஒரு நாளையும் சமாளிக்க விரும்புகிறேன். எத்தனை ஆம்பியர்-மணி செல்கள் வேண்டும்? பழைய பேட்டரிகளில் ஓரளவு உயிர் இன்னும் இருப்பதுபோல் தெரிகிறது. அவற்றையும் புதிய தொகுப்புடன் இணையாகச் சேர்த்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1

கணக்கு எளிது. இரண்டு இரவுகளுக்கு 8 யூனிட். இன்வெர்ட்டரில் இழப்பாகும் பத்து சதவீதத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 9 யூனிட். தொகுப்பின் கொள்ளளவில் எண்பது சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டால் 11 யூனிட்டுக்குச் சற்று மேல். 3.2 வோல்ட் செல்கள் பதினாறைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட் வரும். அதில் 230 ஆம்பியர்-மணி செல்கள் 11.8 யூனிட்டையும், 280 ஆம்பியர்-மணி செல்கள் 14.3 யூனிட்டையும் தரும். பெரியதை எடுக்கத் தோன்றும். ஆனால் பகலில் நேரடியாகச் செலவாவது போக, உங்கள் தகடுகளிலிருந்து பேட்டரிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைச் சில நாட்கள் அளந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். நிரப்ப முடியாத கொள்ளளவால் பயனில்லை.

பழைய பேட்டரிகளை இணையாகச் சேர்க்க வேண்டாம். இரு வகைகளுக்கும் சார்ஜ் மின்னழுத்தம் வேறு, இறங்கும் விதமும் வேறு. ஈய-அமில பேட்டரிக்கென்று சார்ஜ் கன்ட்ரோலரில் இருக்கும், அவ்வப்போது மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும் சமநிலைப்படுத்தும் சார்ஜ் லித்தியம் செல்களின் வரம்பைத் தாண்டிச் செல்லும். அதையும் வெப்பநிலைக்கேற்ப மின்னழுத்தத்தைத் திருத்தும் வசதியையும் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

மறுமொழி 2

கொள்ளளவைப் பற்றி மேலே சொன்னது சரி. நான் வற்புறுத்த விரும்புவது பாதுகாப்பை. இந்தச் செல்களின் உள்தடை ஒரு மில்லி ஓமில் சிறு பகுதிதான் என்பதால், பதினாறு செல்களின் இரு முனைகளும் தவறுதலாகத் தொட்டுக்கொண்டால் பல ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டம் பாயும். வீட்டு மின்பலகையில் இருக்கும் மாறுதிசை மின்னோட்டத்துக்கான பிரேக்கரால் அப்போது எழும் நேர்திசை மின்வில்லை (தொடுமுனைகள் பிரியும்போது இடைவெளியில் தொடர்ந்து எரியும் தீப்பொறியை) அணைக்க முடியாது. அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளவும் கூடும். எனவே நேர்முனைக்கு மிக அருகிலேயே கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் ஒன்றைப் பொருத்துங்கள். இருபதாயிரம் ஆம்பியர் வரையிலான குறுக்குச்சுற்றையும் துண்டிக்கும்படி வடிவமைக்கப்பட்ட வகை அது. முழுச் சுமையில் உங்கள் இன்வெர்ட்டர் 70 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கு 125 ஆம்பியர் ஃப்யூஸும் 35 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் பொருந்தும். எதை மாற்றினாலும், ஃப்யூஸின் அளவு கம்பி தாங்கும் அளவைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து, வரம்பு மீறினால் தொகுப்பைத் துண்டிக்கும் சுற்று) இருக்கும்போது ஃப்யூஸ் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. பி.எம்.எஸ். ஒரு மின்னணுச் சாதனம். பழுதடையும்போது அதில் சுவிட்சாகச் செயல்படும் மாஸ்ஃபெட்கள் துண்டிக்காமல், மின்சாரத்தைக் கடத்தும் நிலையிலேயே நின்றுவிடலாம். அப்போது உங்களுக்கும் தீக்கும் நடுவே இருப்பது அந்த ஃப்யூஸ் மட்டுமே. இன்வெர்ட்டரை முதன்முறை இணைக்கும்போது அதன் கெப்பாசிட்டர்கள் நிரம்பும் வரை, வாட் திறன் கூடிய 50 ஓம் மின்தடை ஒன்றின் வழியாகச் சில நொடிகள் மின்சாரம் செலுத்திய பிறகே நேரடி இணைப்பைக் கொடுங்கள். இல்லாவிட்டால் தீப்பொறியோடு பி.எம்.எஸ்.ஸும் கெடக்கூடும். வேலை செய்யும்போது மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்து, ஸ்பேனரின் கைப்பிடிக்குக் காப்புநாடா சுற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் படித்துத் தயக்கம் ஏற்பட்டால், பி.எம்.எஸ்.ஸும் பெட்டியும் சேர்ந்து ஆயத்தமாக வரும் தொகுப்பை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை என்பதே என் கருத்து.

கேட்டவர்

மிக்க நன்றி. பழைய பேட்டரிகளை விட்டுவிடுகிறேன். தொகுப்பை நானே அமைக்கும் எண்ணத்தில் மாற்றமில்லை. செல்களைத் தொடராக இணைக்கும் முன் சமப்படுத்த வேண்டும், அதாவது எல்லாம் ஒரே அளவு நிரம்பியிருக்கச் செய்ய வேண்டும், என்று படித்தேன். அதை எப்படிச் செய்வது? பேட்டரியில் மீதம் எவ்வளவு என்பதை வோல்ட் மீட்டரைக் கொண்டே அறிந்துகொள்ள முடியுமா?

மறுமொழி 3

எல்லாச் செல்களையும் இணையாக இணைத்து, 3.65 வோல்ட்டில் மின்னோட்டம் மிகவும் குறையும் வரை சார்ஜ் செய்வதே மேல்நிலைச் சமப்படுத்தல். ஆனால் 280 ஆம்பியர்-மணி செல்கள் பதினாறு இணையாக நின்றால் மொத்தம் 4,480 ஆம்பியர்-மணி. பாதி நிரம்பிய நிலையிலிருந்து 10 ஆம்பியர் மின்வழங்கி அதை நிரப்ப ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். ஆகவே முதலில் பி.எம்.எஸ்.ஸுடன் தொடராக இணைத்து, ஏதேனும் ஒரு செல் நிரம்பியதால் பி.எம்.எஸ். துண்டிக்கும் வரை சார்ஜ் செய்யுங்கள். பிறகு பிரித்து இணையாக்கினால் எஞ்சியிருக்கும் வேலை குறைவு. மின்வழங்கியின் மின்னழுத்தத்தைச் செல்களுடன் இணைக்கும் முன்பே 3.65க்கு அமைத்து, மல்டிமீட்டரால் சரிபார்த்துவிடுங்கள். இணைத்த பின் அந்தத் திருகைத் தொடவே கூடாது. நிரம்பியதும் அந்த அழுத்தத்திலேயே செல்களை நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

அன்றாடப் பயன்பாட்டில் 3.65 வரை செல்லத் தேவையில்லை. செல்லுக்கு 3.45 வோல்ட், அதாவது தொகுப்புக்கு 55.2 வோல்ட், போதும். இன்வெர்ட்டர் நிற்கும் அளவை 48 வோல்ட்டில் வையுங்கள். செல்களின் வெப்பநிலை 0 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சார்ஜ் செய்யக் கூடாது. எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து, மீட்க முடியாத சேதம் நேரும்.

வோல்ட் மீட்டர் இங்கே உதவாது. கொள்ளளவின் நடுப்பகுதி முழுவதிலும் செல்லின் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். மீதம் குறைவதால் அதில் ஏற்படும் சிறு மாற்றத்தைவிட, சுமை ஏறி இறங்கும்போது ஏற்படும் மாற்றம் பெரிதாக இருக்கும். எதிர்முனையில் ஒரு ஷண்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மிகச் சிறிய மின்தடை) வைத்து, உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியர்-மணிகளை எண்ணும் மானியைப் பொருத்துங்கள். அந்த எண்ணிக்கையிலும் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், அவ்வப்போது தொகுப்பை முழுமையாக நிரம்பவிட்டு, மானி நூறு சதவீதத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.