அப்பாவுக்குப் புரியிற மாதிரி ஒரு குரல்பதிவு வேணும், உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணத்தில இருக்கிறார். 2022 ஏப்ரல் 12 இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிறுத்தினதில இருந்து அவருக்கு வட்ஸ்அப்தான் மத்திய வங்கி. 2023 ஜூன் கடைசியில கடன் மறுசீரமைப்புக்காக வங்கிகளைப் பூட்டினபோது, "வைப்பில கை வைக்கப் போறாங்கள்" என்று ஒரு குரல்பதிவு வந்தது. வங்கி திறந்த அண்டே விடியக் காலமை போய் வரிசையில நிண்டு, முதிர மூண்டு மாசம் இருந்த நிலையான வைப்பை உடைச்சிட்டார். வட்டி போச்சுது. காசு இப்ப அலுமாரியில, சாறத்துக்குள்ள சுத்தி.

வைப்பில ஒருத்தரும் கை வைக்கேல்லை. அடி விழுந்தது ஊழியர் சேமலாப நிதி வைச்சிருந்த முறிகளுக்கு, அதாவது அரசாங்கத்தின்ர கடன் பத்திரங்களுக்கு. அதைப்பற்றி ஒரு குரல்பதிவும் வரேல்லை, பாருங்கோ.

இப்ப திரும்பவும் ஒண்டு சுத்துது. எல்லாக் கடனும் சீனாவின்ரதாம். கடன் கட்டுறதை நிறுத்தின நேரம் சீனாவை விட சர்வதேச முறிக்காரருக்குத்தான் கூடக் கொடுக்க இருந்தது எண்டால், "நீ பேப்பர் படிச்சிட்டுக் கதைக்கிறாய்" என்கிறார்.

வங்கியில வேலை செய்யிற ஆராவது, வங்கி முறிஞ்சால் ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில 11 இலட்சம் ரூபா வரை கிடைக்கிற வைப்புக் காப்புறுதியைப்பற்றி ஊர்த்தமிழில மூண்டு நிமிசம் பேசி அனுப்புவீங்களோ? வயசானவர் குரல் எண்டால் நல்லம். என்ர குரல் எடுபடாது.