16 டேப்லெட், ஒரு ரவுட்டர்: பாதி வகுப்பில் நெட் படுத்துவிடுகிறது, உதவி தேவை

சாக்பீஸ்:
வகுப்பில் 32 பேர். இருவருக்கு ஒன்றாக 16 ஆண்ட்ராய்டு டேப்லெட், மேசையில் ஒரு விண்டோஸ் லேப்டாப், ஒரு புரொஜெக்டர். லைன் வேகம் 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்). பிரச்சினைகள்:
1. எல்லோரும் ஒரே யூடியூப் வீடியோவைத் திறந்தால் ஐந்தாவது நிமிடத்தில் சுற்ற ஆரம்பிக்கிறது.
2. நான்கு டேப்லெட்டுகளில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறது.
3. 40 நிமிட பீரியடில் முகவரி தட்டவும் லாகின் செய்யவுமே 15 நிமிடம் போய்விடுகிறது.
4. தேடச் சொன்னால் முதலில் வருவதை அப்படியே நோட்டில் எழுதிவிடுகிறார்கள்.

கம்பியில்லான்:
முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். 720பி வீடியோ ஒன்றுக்குச் சுமார் 2.5 எம்பிபிஎஸ் வேண்டும். 16 டேப்லெட்டுக்கு 40. உங்களிடம் இருப்பது 20. 360பி-க்கு இறக்கினால் ஒன்றுக்கு 0.7, மொத்தம் 11 சொச்சம், ஓடிவிடும். ஆனால் எல்லோரும் ஒரே வீடியோவைத்தான் பார்க்கிறார்கள் என்றால் 16 தடவை இழுப்பானேன்? புரொஜெக்டரில் ஒரு தடவை ஓட்டுங்கள்.

அதன் பிறகும் இழுத்தால் கோளாறு வைஃபையிலா லைனிலா என்று பிரித்துப் பாருங்கள். வகுப்பு நடக்கும்போதே லேப்டாப்பை வைஃபையில் வைத்து, கமாண்ட் பிராம்ப்டில் ரவுட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிங் (பதில் வர எத்தனை நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள், பிறகு ஒரு வெளித்தளத்துக்கும் கொடுங்கள். ரவுட்டர் வரைக்குமே 100 மில்லிசெகண்டைத் தாண்டி ஏறி இறங்கினால் வைஃபைதான் நெரிசலில் இருக்கிறது. ரவுட்டர் 5-க்குள் பதில் சொல்லி, வெளித்தளம் மட்டும் 400, 500 என்று போனால் லைன் நிரம்பிவிட்டது.

வைஃபை என்றால்: 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது சுவரைத் தாண்ட முரண்டு பிடிக்கும், எனவே ரவுட்டர் அதே அறையில் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். பழைய டேப்லெட்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும் என்றால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.
லைன் என்றால்: பின்னணியில் ஓடும் அப்டேட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். லேப்டாப்பில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' (டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். டேப்லெட்டுகளில் ஆப் அப்டேட்டைக் கையால் செய்வதாக மாற்றி, வகுப்பு முடிந்த பிறகு ஓடவிடுங்கள்.

பழையபேட்டரி:
2-க்கு: அந்த நான்கிலும் தேதியைப் பாருங்கள். சார்ஜ் முழுக்க வடிந்து கிடந்த டேப்லெட் பல வருடம் பின்னால் போய் நிற்கும். தளத்தின் சான்றிதழ் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்றுதான் செல்லும். கடிகாரம் தப்பானால் நல்ல தளமும் கள்ளத் தளமாகத் தெரியும். 'தானியங்கி தேதி, நேரம்' ஆன் செய்தால் சரி. மேசைக் கணினியில் இதே தொல்லை தினமும் வந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும்.
எதுவானாலும் 'பரவாயில்லை, உள்ளே போ' என்ற பொத்தானை அழுத்த மட்டும் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடாதீர்கள்.

நூலகப்பூனை:
3-க்கு: பாதி வேலைக்கு நெட்டே வேண்டாம். லேப்டாப்பில் கிவிக்ஸ் (நெட் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் செயலி) நிறுவி, தமிழ் விக்கிப்பீடியாவின் படமில்லாத பதிப்பை முந்தின நாளே இறக்கி வையுங்கள். அதில் 'லோக்கல் சர்வர்' என்பதைத் தொடங்கினால் 192.168.1.20:8080 என்பது போல ஒரு முகவரி தரும். அதைக் கியூஆர் ஆக்கி அச்சிட்டு மேசைக்கு ஒன்று ஒட்டுங்கள். தட்டச்சு வேலை ஒழிந்தது.
அறிவியலுக்கு ஃபெட் செயல்விளக்கங்கள் (கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது). ஒவ்வொன்றும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும், கேபிளில் டேப்லெட்டுக்கு மாற்றலாம். திறக்கும்போது குரோமைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டின் 'எச்டிஎம்எல் வியூவர்' ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, திரை வெறுமையாக நிற்கும்.
கூகுள் ஃபார்மில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் லாகின் கேட்கும். கோப்பு பதிவேற்றும் கேள்வி வைத்தாலும் கேட்கும்.

சாக்பீஸ்:
தேதிதான்! நான்கும் சரியாகிவிட்டன. கிவிக்ஸ் லேப்டாப்பில் திறக்கிறது, டேப்லெட்டில் 'தளத்தை அடைய முடியவில்லை' என்கிறது. டேப்லெட்டுகள் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கின்றன.

கம்பியில்லான்:
அங்கேதான் முட்டுகிறது. கெஸ்ட் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கக்கூடாது என்று வழக்கமாகத் தடுத்திருப்பார்கள். லேப்டாப்பையும் டேப்லெட்டுகளையும் ஒரே சாதாரண வைஃபையில் போடுங்கள். அங்கும் வராவிட்டால் ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' (கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் அமைப்பு) என்பதை ஆஃப் செய்யுங்கள். பிறகு விண்டோஸில் அந்த இணைப்பை 'பப்ளிக்' என்பதிலிருந்து 'பிரைவேட்' ஆக்கி, ஃபயர்வால் கேட்கும்போது கிவிக்ஸை அனுமதியுங்கள். லேப்டாப்பின் ஐபி (192.168.1.20 போன்ற அந்த எண் முகவரி) மாறினால் ஒட்டிய கியூஆர் எல்லாம் வீண். ரவுட்டரில் அந்த ஐபியை லேப்டாப்புக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.
லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட் ஆக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். விண்டோஸ் ஹாட்ஸ்பாட் 8 கருவிக்கு மேல் ஏற்காது.

அடிக்கோடு:
4-ஐ யாரும் தொடவில்லையே. அது பிள்ளைகளின் குற்றமல்ல, கேள்வியின் குற்றம். 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்று கேட்டால் முதல் வரியை எழுதத்தான் செய்வார்கள். 'இந்த இரண்டு பக்கங்களில் ஒன்றில் மட்டும் இருக்கும் தகவல் எது, அதை எங்கே சரிபார்த்தாய்?' என்று கேளுங்கள். முகவரிகளை நீங்களே தருவதுதான் வெப்குவெஸ்ட் முறை; பெர்னி டாட்ஜ் 1995-இல் வகுத்தது. தேடலில் கரையும் நேரம் யோசிப்பதற்கு மிஞ்சும்.
தேடப் பழக்க வேண்டுமானால் அதைத் தனிப் பாடமாக வையுங்கள். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் உண்டு என்று சொல்லும் 'மர ஆக்டோபஸ்' தளம் 1998 முதல் இருக்கும் விளையாட்டுப் புளுகு. பார்க்க அச்சு அசல் அறிவியல் தளம் போலவே இருக்கும். அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்தால் பிடிபடாது. புது டேப் திறந்து மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினால் ஒரு நிமிடத்தில் வெளுத்துவிடும். இதற்கு மட்டும் நேரடி நெட் அவசியம், இருவருக்கு ஒரு டேப்லெட் என்பதும் இங்கே வசதிதான்: ஒருவர் பக்கத்தில், ஒருவர் சரிபார்ப்பில்.

சாக்பீஸ்:
கிவிக்ஸ் 16-லும் வந்துவிட்டது, நன்றி. தேடல் பாடத்தின்போது வேண்டாத தளங்கள் வராமலிருக்க?

கம்பியில்லான்:
ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபியைத் தேடித் தரும் சேவை) 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றுங்கள். ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் பெரும்பாலும் அடைபடும். டேப்லெட்டின் 'பிரைவேட் டிஎன்எஸ்' பகுதியில் யாராவது வேறு பெயர் போட்டிருந்தால் இது வேலை செய்யாது. 16-ஐயும் ஒரு தடவை திறந்து பாருங்கள். யூடியூபுக்கு 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' தனியாகப் போட வேண்டும்.